ஏழு ஊக்குகள் குத்திய அங்கி

கர்நாடக எல்லையில், ஜூஜூவாடி செக்போஸ்ட்டில், தமிழ்நாட்டுப் பக்கத் தடுப்புக்கு முன்னால், எங்கள் மொபெட்டின் பின்சீட்டில் உட்கார்ந்திருந்தேன். மடியில் ஒரு மஞ்சள் துணிப்பை. காலை ஆறரை இருக்கும். கொரோனா இரண்டாம் அலை உச்சத்தில் இருந்த மே மாதம் அது.

மற்ற நாட்களில் அந்த நேரத்துக்கு அங்கே கம்பெனி பஸ்களின் ஆரன் காதைப் பிளக்கும். அன்று காய்கறி லாரிகளும் ஆக்சிஜன் லாரிகளும் மட்டும்தான். பெங்களூருக்குப் போக முடியாத ரோஜாக்களைச் சாலையோரம் கொட்டியிருந்தார்கள். முகக்கவசத்துக்குள்ளும் அந்த வாசம் வந்தது. பாதி வாசம், பாதி அழுகல்.

இளம் போலீஸ்காரர் ஒருவர் லத்தி நுனியால் பையைத் தொட்டார்.

"என்னம்மா பைக்குள்ள?"

"அங்கிங்க சார்."

"வக்கீலா நீங்க?"

"இல்லீங்க சார். கார்மென்ட்ஸ்ல செக்கிங் வேலை."

பையைத் திறந்து காட்டினேன். கருப்புத் துணி, அதன் அடிமடிப்பில் ஏழு ஊக்குகள். அவர் என்னைப் பார்த்தார், துணியைப் பார்த்தார், வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்ற என் வீட்டுக்காரரைப் பார்த்தார்.

"ஒண்ணோட ஒண்ணு ஒட்டலையேம்மா" என்றார். பேச்சைக் கேட்டால் மதுரைப் பக்கம். "எனக்கு எட்டு மணிக்கு டூட்டி முடியுது. அதுக்குள்ள விளங்கச் சொல்லிருங்க."

அவருக்குச் சுருக்கமாகத்தான் சொன்னேன். உங்களுக்கு முழுதாகச் சொல்கிறேன். போன வாரம் இந்தப் பத்தியில் எங்கள் கம்பெனி கேன்டீன் சாம்பாரைப் பற்றி எழுதியதற்கு, 'அக்காவுக்குக் குறை கண்டுபிடிக்காமல் இருக்க முடியாதா?' என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். முடியாது. முப்பது வருஷம் தையலில் குறை கண்டுபிடித்துச் சம்பளம் வாங்கியவள் நான். அந்தப் புத்தியால் நான் பண்ணிய ஒரு கோளாறுதான் இந்த வாரக் கதை.

ஒரு சபைக்கு ஒரே அங்கி

மத்திகிரியில் எங்கள் கிறிஸ்தவ சபை சின்னது. சிமென்ட் ஷீட் கூரை, நூற்றுச் சொச்சம் நாற்காலிகள். கம்பெனிக்குப் போகிறவர்கள், வாடகை வீட்டுக்காரர்கள்தான் அதிகம். தமிழில் பிரசங்கம் நடக்கும்போதே பின்வரிசையில் யாராவது தெலுங்கில் முணுமுணுத்து ஜெபிப்பார்கள். முடிந்ததும் வாசலில் கன்னடத்தில் காய்கறி விலை பேசுவார்கள். எங்களுக்கு எல்லாம் ஒன்றுதான்.

எங்கள் பிள்ளைகள் படித்தாலும் பட்டமளிப்பு விழாவுக்குப் போக மாட்டார்கள். கல்லூரி எங்கோ இருக்கும். அப்பாவுக்கு ஷிப்ட் இருக்கும். பட்டம் தபாலில் வந்து பீரோவுக்குள் போய்விடும்.

'விழாவை நாமே நடத்திக்கொள்ளலாமே' என்று அப்போதிருந்த பாஸ்டர் ஐயா சொன்னார். மே மாதக் கடைசி ஞாயிறு, 'பட்டதாரி ஞாயிறு' ஆனது. என் வீட்டுக்காரர் டைலர். கடையில் கிடந்த கருப்புத் துணியில் ஓர் அங்கி தைத்தார். அந்த ஒரே அங்கியைத்தான் எல்லாப் பிள்ளைகளும் போடுவார்கள்.

முறை இதுதான். வாசலில் பெற்றோர் அங்கியைப் போட்டுவிட வேண்டும். பிள்ளை நடுவழியே நடந்து போய் ஜெபம் பெற்றுக்கொண்டு, ஓரமாக வந்து அங்கியைக் கழற்றி, அடுத்த பிள்ளையின் பெற்றோர் கையில் தர வேண்டும். நான் மைக்கைப் பிடித்துக்கொண்டு, "அடுத்து" என்று சொல்லிப் பெயரையும் படிப்பையும் வாசிப்பேன். அங்கியைத் துவைப்பதும், இஸ்திரி போடுவதும், ஒவ்வொரு பிள்ளையின் உயரத்துக்கும் அடிப்பக்கத்தை மடித்து ஊக்குக் குத்துவதும் என் பொறுப்பு.

எல்லாருக்குமே அந்த அங்கி நீளம். "வெட்டித் தெச்சா என்னாக்கா, வருஷா வருஷம் எதுக்கு இந்த ஊக்கு வேலை?" என்று கேட்பார்கள். "நெட்டையா ஒரு பையன் வருவான், இருக்கட்டும்" என்பேன். இருபத்தைந்து வருஷமாக அதே பதில்தான். அது ஏற்கெனவே வந்துவிட்டுப் போன ஒரு நெட்டைப் பையனின் அளவு என்பது, அவனைத் தவிர எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் மட்டும் தெரியும்.

அளவு கொடுத்தவன்

அவன் பெயர் அருள்ராஜ். ஆறடிக்கு மேல். பட்டதாரி ஞாயிறு தொடங்கிய அந்த வருஷம் எங்கள் சபையில் பட்டப்படிப்பு முடிக்கப்போகிறவன் அவன் ஒருவன்தான். பி.காம். கடைசிப் பரீட்சை எழுதிவிட்டு வந்தவனை நான்தான் விடாமல் எங்கள் கடைக்கு இழுத்துக்கொண்டு போய் அளவு கொடுக்க வைத்தேன்.

"ரிசல்ட் வரட்டும்க்கா" என்றான்.

"வந்த மாதிரிதான். நில்லு நேரா" என்றேன்.

ரிசல்ட் வருவதற்கு முன்பே அங்கி தயார். பெயரை அறிவிப்புத் தாளில் அச்சடித்தாகிவிட்டது. அதைக் கொடுத்ததும் நான்தான். சபையே அவனுக்காகக் காத்திருந்தது. ஞாயிறு காலை அவன் சபையின் பின்வாசலுக்கு வந்து என்னை மட்டும் கூப்பிட்டான்.

"அக்கா, ஒரு பேப்பர் போயிடிச்சி."

ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தோளில் கை வைத்திருக்கலாம். என் வாயில் வந்தது வேறு.

"அப்ப இந்த அங்கிய வெச்சிகினு நான் என்னா பண்றது?"

அவன் அங்கியை ஒரு தரம் பார்த்துவிட்டுப் போய்விட்டான். அந்த வருஷம் பட்டதாரி ஞாயிறு, பட்டதாரி இல்லாமல் நடந்தது.

அடுத்த கமிட்டியில் நான் எழுந்து ஒரு விதி கொண்டுவந்தேன். இனிமேல் சான்றிதழைக் கண்ணால் பார்த்த பிறகுதான் அங்கி. கம்பெனியில் குறை வந்தால் உடனே ஒரு விதி எழுதுவார்களே, அந்தப் பழக்கம். குறை என்னிடம்தான் என்பது உறைக்க எனக்கு ரொம்ப நாள் ஆனது.

அருள்ராஜ் சபையை விட்டுப் போகவில்லை. எல்லையைத் தாண்டி அத்திப்பள்ளிப் பக்கம், மருந்துக்கு அட்டைப்பெட்டி செய்யும் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தான். சாரம்மாவைக் கட்டினான். பெனிட்டா பிறந்தாள். ஞாயிறு தவறாமல் வந்து, கடைசி வரிசையில் கதவோரம் உட்காருவான். என்னைப் பார்த்தால் ஸ்தோத்திரம் சொல்லுவான். பட்டதாரி ஞாயிறு அன்று மட்டும் அவனுக்கு ஓவர்டைம் இருக்கும். எந்த வருஷமும் தவறியதில்லை.

பூட்டிய சபை

முதல் வருஷக் கொரோனாவில் பட்டதாரி ஞாயிறு நடக்கவில்லை. அடுத்த மே மாதம் சேர்த்து நடத்தலாம் என்றிருந்தோம். அடுத்த மே முதலாவதைவிட மோசமாக வந்தது. சபைக் கதவில் பூட்டு. பாஸ்டர் ஐயா தன் வீட்டுச் சமையலறையில் நின்று போனில் பிரசங்கம் பண்ணினார். பின்னால் குக்கர் விசில் அடிக்கும். அவர் நிறுத்தி, விசில் அடங்கியதும் தொடருவார்.

சபை வாட்ஸ்அப் குழுவைத் திறக்கவே பயமாக இருந்தது. ஜெபியுங்கள், மூச்சுத் திணறல், கட்டில் கிடைக்கவில்லை, பிறகு மாலை போட்ட போட்டோ. எங்கள் சபையில் இரண்டு பேர் போனார்கள். ஒருவர் பத்து வருஷமாக ஆராதனையில் எனக்குப் பக்கத்து நாற்காலி. அடக்கத்துக்குப் பாஸ்டர் ஐயா ஒருவரைத்தான் விட்டார்கள். நாங்கள் வீட்டில் உட்கார்ந்து போனில் பார்த்தோம். அழக்கூட ஒருவரை ஒருவர் தொட முடியவில்லை.

அந்த வாரம்தான் என் வீட்டுக்காரர் வாய் திறந்தார். அவர் பேசுவதே அளவு எடுக்கும்போதுதான்.

"ஊட்டுக்கு ஊடு அங்கி எடுத்துகினு போலாம்" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. ஒரே அங்கியை வீட்டுக்கு வீடு கொண்டுபோனால் நோயையும் சேர்த்துக் கொண்டுபோனது போலத்தானே? அவர் அங்கியை எடுத்துச் சோப்பு நுரையில் அமுக்கினார். ஒரு வீட்டிலிருந்து வந்தால் துவைப்பு, இரண்டு நாள் வெயில், சூடான இஸ்திரி, பிறகு அடுத்த வீட்டுக் கேட்டில் பையை மாட்டிவிட்டு வருவது. இப்படி முடிவானது. அவர் முகக்கவசம் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்ததால் வண்டியில் போக அனுமதிச் சீட்டு இருந்தது.

மொத்தம் மூன்று பிள்ளைகள். ஒரு பையன் குருபரப்பள்ளியில், நெடுஞ்சாலையோரப் பஞ்சர் கடைக்காரர் மகன். கடை மூடியிருந்தது. வண்டியே இல்லாத நெடுஞ்சாலையின் நட்டநடுவில் அங்கியோடு நடந்தான். அவன் அப்பா டயர்மீது நின்று கைதட்டினார். இன்னொரு பெண் நாட்றாம்பாளையத்தில். காய்கறி வண்டியில் பை மலையேறியது. சிக்னல் கிடைக்காததால் ஒரு பாறைமேல் ஏறி நின்று அவள் வீடியோ அனுப்பினாள். மாலை போட்ட போட்டோக்களுக்கு நடுவில் அந்த இரண்டு வீடியோக்களையும் சபையே திரும்பத் திரும்பப் பார்த்தது. நான் எத்தனை தரம் பார்த்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள்.

மூன்றாவது பிள்ளை பெனிட்டா.

"அப்பா இல்லாம போட மாட்டன்"

பெனிட்டா பி.எஸ்ஸி. நர்சிங் முடித்திருந்தாள். கிருஷ்ணகிரியில் கொரோனா வார்டில் வேலை கிடைத்திருந்தது. திங்கட்கிழமை சேர வேண்டும். சேர்ந்தால் அங்கேயே தங்கல். எப்போது வீட்டுக்கு வருவாள் என்று யாரும் சொல்ல முடியாது. திரும்பி வருவாளா என்று வாய்விட்டுக் கேட்க ஒருவருக்கும் தைரியமில்லை.

அருள்ராஜ் கர்நாடகப் பக்கம் மாட்டிக்கொண்டிருந்தான். மருந்துப் பெட்டி வேலை என்பதால் கம்பெனி ஓடியது. தொழிலாளர்கள் உள்ளேயே தங்கினார்கள். ஊருக்குப் போனால் திரும்ப உள்ளே விட மாட்டார்கள். ஒரு மாதத்துக்கு மேல் அவன் மகளைப் பார்க்கவில்லை.

நான் பையை மாட்டப் போனபோது பெனிட்டா கேட்டுக்கு உள்ளே நின்றுகொண்டாள்.

"அத்தை, அப்பா இல்லாம நான் போட மாட்டன்."

"அம்மா போட்டு உடட்டும் கண்ணு. வீடியோ எடுத்து அப்பாவுக்கு அனுப்பலாம்."

"இத்தனை வருஷமா அந்த ஞாயித்துக்கெழம மட்டும் அப்பா ஓவர்டைம் போவாரு. ஏன்னு எனக்குத் தெரியும். இந்த வருஷம் வர்றன்னு சொல்லியிருந்தாரு அத்தை. அவரே கை வெச்சிப் போட்டு உடலன்னாலும் பரவால்ல. கண்ணால பாக்கணும். பாத்துட்டுதான் நான் வார்டுக்குப் போவன்."

 அவளுக்குத் தெரியும் என்றால் நான் சொன்ன வார்த்தையும் தெரிந்திருக்குமா? கேட்கப் பயமாக இருந்தது. வழக்கம்போல விதிக்குள் புகுந்துகொண்டேன்.

"சான்றிதழ் எங்க? பாக்காம அங்கி குடுக்க மாட்டன், தெரியுமில்ல?"

"அங்கயே காட்றன்" என்றாள்.

'அங்கே' என்றால் எல்லை. சனிக்கிழமை காலை இரண்டு மணி நேரம் வெளியே வர அருள்ராஜுக்கு சூப்பர்வைசர் அனுமதி கொடுத்திருந்தார். எல்லையைத் தாண்டுவதற்கு அவனிடம் பாஸ் இல்லை. தடுப்புக்கு அந்தப் பக்கம் வந்து நிற்பான். அவ்வளவுதான். அன்று மாலையே அவள் உயரத்துக்கு மடித்து ஏழு ஊக்குகள் குத்தி வைத்தேன்.

இரண்டு தடுப்புகளுக்கு நடுவில்

மதுரைக்காரர் கதையைக் கேட்டுவிட்டு லத்தியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். அதற்குள் ஆட்டோவில் சாரம்மாவும் பெனிட்டாவும் வந்துவிட்டார்கள்.

எங்கள் பக்கத் தடுப்புக்கும் கர்நாடகத் தடுப்புக்கும் நடுவே இருபது அடி இருக்கும். அங்கே ஒரு நாய் மட்டும் படுத்திருந்தது. அந்தப் பக்கம் அருள்ராஜ் ஏற்கெனவே வந்து நின்றிருந்தான். இளைத்திருந்தான். முகக்கவசம் போட்டிருந்தாலும் அந்த உயரத்தை வைத்தே தெரிந்தது.

"ஏமண்டி, தின்னாரா?" என்று சாரம்மா இங்கிருந்து கத்தினாள். அவள் தெலுங்கு வீட்டுப் பெண். ஒரு மாதம் கழித்துப் புருஷனைப் பார்த்ததும் முதலில் கேட்டது சாப்பிட்டாயா என்றுதான். அவன் தலையாட்டினான்.

சாரம்மா அங்கியை மகளுக்குப் போட்டுவிட்டாள். கர்நாடகப் போலீஸ்காரர் ஐந்து விரலைக் காட்டி, "ஐது நிமிஷ அஷ்டே" என்றார். ஐந்து நிமிஷம், அவ்வளவுதான். பெனிட்டா தடுப்பைத் தாண்டி, நடுவிலிருந்த அந்த இருபது அடியில் நடந்தாள். நாய் எழுந்து ஒதுங்கியது. பாதி வழியில் நின்று அப்பாவைப் பார்த்தாள். அவன் இரண்டு கையையும் தூக்கி, தொடாமலேயே அவள் தலைக்கு நேராக வைத்துக்கொண்டான். அவன் தோள் குலுங்கியது. நாங்கள் கைதட்டினோம். ஒரு லாரிக்காரர் ஆரன் அடித்தார். மதுரைக்காரரும் தட்டினார்.

பெனிட்டா திரும்பி வந்தாள். அங்கியைக் கழற்றி என் கையில் கொடுத்தாள். பிறகு தோள்பையிலிருந்து இரண்டு தாள்களை எடுத்து நீட்டினாள்.

"சான்றிதழ் காட்டச் சொன்னீங்களே அத்தை."

மேலே இருந்தது அவளுடையது. அடியில் இருந்தது பழையது, மடிப்பில் கிழிந்து டேப் ஒட்டியது. பி.காம். அருள்ராஜ். பரீட்சையில் தவறி மூன்று வருஷம் கழித்து எழுதிப் பாஸ் பண்ணியிருக்கிறான். அவள் பிறப்பதற்கும் முன்னால். வேலைக்காகத் தன் சான்றிதழ்களைத் தேடும்போது அம்மாவின் புடவைக்கு அடியில் அவளுக்கு அது கிடைத்திருக்கிறது.

முப்பது வருஷம் செக்கிங் பார்த்த கண். ஒரு நூல் பிசகினால் கண்டுபிடிப்பேன். என் சபையில், கடைசி வரிசையில் இத்தனை வருஷம் உட்கார்ந்திருந்த ஒரு பட்டதாரியை நான் பார்க்கவில்லை. தாளில் எழுத்து கலங்கியது. துடைத்துக்கொண்டு மறுபடி வாசித்தேன்.

"ஏன்டா சொல்லல?" என்று தடுப்பைப் பிடித்துக்கொண்டு கத்தினேன்.

என் கையிலிருந்த பழைய தாளை அவன் அப்போதுதான் அடையாளம் கண்டான். 

"சான்றிதழ் காட்டணும்னு ரூல் போட்டீங்களேக்கா. எனக்காகத்தான் போட்டதுன்னு தெரியும். அத எடுத்தாந்து உங்க முன்னால காட்றதுக்கு ஒரு மாதிரி கூச்சமா இருந்திச்சி."

எனக்கு வேண்டும். நன்றாக வேண்டும். மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயைத் திறந்தேன். இருபது அடி தூரத்துக்குக் கத்திக் கேட்கிற மன்னிப்பு எப்படி இருக்கும்? கர்நாடகப் போலீஸ்காரர் வேறு கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வண்டி சீட்டின்மேல் அங்கியை விரித்தேன். ஒவ்வோர் ஊக்காகக் கழற்றி என் வளையலில் மாட்டினேன். ஏழு. ஒன்று விரலில் குத்திவிட்டது. மடிப்பு விழுந்து துணி முழு நீளத்துக்கும் இறங்கியது.

"சார், இத அந்தப் பக்கம் குடுக்கணும்" என்றேன்.

"அங்கிட்டுப் போனது இங்கிட்டு வராதும்மா" என்றார் மதுரைக்காரர்.

"வர வேணாம் சார்."

அவர் கையுறையோடு அங்கியை வாங்கிக்கொண்டு நடந்தார். மைக் இல்லை. முகக்கவசத்தை இழுத்துவிட்டுக்கொண்டு என் தொண்டையில் இருந்த அத்தனை சத்தத்தையும் சேர்த்துச் சொன்னேன்.

"அடுத்து, அருள்ராஜ். பி.காம்."

போட்டுவிட அவனுக்கு அப்பா அம்மா இல்லை. எப்போதோ போய்விட்டார்கள். கர்நாடகப் போலீஸ்காரர் ஒன்றும் புரியாமலேயே அங்கியின் ஒரு கையைத் தூக்கிப் பிடித்து உதவினார். அருள்ராஜ் அங்கியை மாட்டிக்கொண்டு எங்கள் பக்கம் திரும்பினான். பெனிட்டாதான் முதலில் கைதட்டினாள். சாரம்மா தட்டவில்லை, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

என் வீட்டுக்காரர் ஒற்றைக் கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தார். துணி வெட்டுவதற்கு முன் பார்க்கிற பார்வை.

"அன்னிக்கு எடுத்த அளவுதான் எஸ்தரு" என்றார். "நீளம் கொஞ்சம்கூட மாறல."

 திரும்பி வரும்போது பின்சீட்டில் மடி காலியாக இருந்தது. வண்டி பள்ளத்தில் இறங்கி ஏறும்போதெல்லாம் என் வளையலில் ஏழு ஊக்குகளும் சத்தம் போட்டுக்கொண்டு வந்தன.